ஆளரவம் இல்லாத நிலம்

ஒரு நிலத்தைக் கண்டமாத்திரத்தில் மனத்தில் உண்டாகும் சாந்தியைச் சந்தேகிப்பது நியாயமா என்ற கேள்வி கொஞ்சகாலமாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், கிம்பர்லி நகரத்துக்குத் தென்மேற்கே, மொக்காலா தேசிய வனத்தின் செம்மண் பாதையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது, இளவெயில் இன்னும் புல்நுனிகளை மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது; கிளை கவிந்த ஒரு வேலமரத்தில், வைக்கோற்போரைத் தூக்கி மாட்டினாற்போல, நூற்றுக்கணக்கான குருவிகள் கூடி வாழும் ஒரே பெருங்கூடு தொங்கியது; அதன் நிழலைத் தாண்டி ஒரு காண்டாமிருகமும் அதன் கன்றும், நாங்கள் வந்ததையோ இருந்ததையோ பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. பனியில் நனைந்த புழுதியின் வாசனையும், பெயர் தெரியாத ஏதோ செடியின் கசப்பு நெடியும் காற்றில் கலந்திருந்தன. கண்ணுக்கு எட்டியமட்டும் ஒரு கூரை இல்லை, ஒரு புகை இல்லை, ஒரு மனிதக் குரல் இல்லை. அப்போது எனக்குக் கிடைத்த நிம்மதி பொய்யன்று. அதை இன்றும் நான் மறுக்கத் தயாராயில்லை. ஆனால் அதற்கு முந்திய தினந்தான் அந்த நகரத்தின் நடுவிலுள்ள பெருங்குழியின் விளிம்பில் நின்று, தொண்டை உலர்ந்து, திகிலோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும், அந்தத் திகிலுக்கும் இந்த நிம்மதிக்கும் ஏதோ ஓர் இரத்த சம்பந்தம் இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் முனகத் தொடங்கிவிட்டதும், அந்தக் காலை வேளையை என்னிடமிருந்து பாதி பறித்துக்கொண்டன. பறிபோன பாதி எது, மிஞ்சிய பாதி எது என்று பிரித்துப் பார்க்கும் ஆசைதான் இதை எழுதத் தூண்டுகிறது.

பெருங்குழியைப்பற்றி அளவுகள் சொல்வது சுலபம். அதன் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைச் சொல்லாத சுவர் குறைவு. அகலம் 463 மீட்டர். வாய்ப்பரப்பு 17 ஹெக்டேர். மண்வெட்டியும் கடப்பாரையுமாக 240 மீட்டர் ஆழம்வரை திறந்த வெளியாகத் தோண்டி, அதற்குமேல் சுரங்கமாக 1,097 மீட்டர்வரை இறங்கி, 1914 ஆகஸ்டு 14ஆம் தேதி வேலையை நிறுத்தும்வரையில் வெளியே எடுத்துக் கொட்டிய மண்ணும் கல்லும் ஏறத்தாழ 2.25 கோடி டன். அவ்வளவையும் சலித்து, கழுவி, பொறுக்கியதில் கிடைத்த வைரம் 2,720 கிலோ, அதாவது ஒரு சாதாரண லாரி சுமந்துபோகக்கூடிய பாரம். இப்போது அடியில் ஏறக்குறைய நாற்பது மீட்டருக்குப் பச்சைநிறத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. குழிக்கு மேலாக நீட்டிக் கட்டிய இரும்பு மேடையில் நின்றால், பாறைச் சுவரில் குடியிருக்கும் பறவைகள் நம் பாதத்துக்கு வெகு கீழே வட்டமிடுவதைக் காணலாம். மனிதன் கையால் தோண்டிய பள்ளங்களுள் உலகத்திலேயே பெரியது இதுதான் என்று அந்த ஊரார் நெடுங்காலம் பெருமை பேசிவந்தார்கள். பிறகு, 2005இல், பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிய உள்ளூர் சரித்திர ஆராய்ச்சிக்காரர் ஒருவர், கையால் தோண்டிய ஆழத்தில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற வேறொரு வைர ஊரின் பள்ளமே முந்தியது என்று சொல்லிவிட்டார். இரண்டு ஊர்கள் தங்கள் தங்கள் வெறுமையின் அளவைக் காட்டிப் பெருமைக்குப் போட்டியிடுவதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின்தான் அதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை என்று பட்டது. ஏனெனில் அந்த மேடைக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிற நாங்கள் அனைவரும் பார்க்க வந்தது ஒரு பொருளையன்று, ஒரு பொருள் அங்கே இல்லாமற்போனதை.

இல்லாமையைப் பார்க்க முடியுமா என்ற கேள்வி நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகளுக்குப் பழக்கமானது. நையாயிகர்கள் அபாவத்தையும் ஒரு பதார்த்தமாக ஏற்றுக்கொண்டு, அதையும் வகைவகையாகப் பிரித்தார்கள். குடம் வனையப்படுவதற்குமுன் மண்ணில் இருக்கும் குடத்தின் இல்லாமை ஒன்று. குடம் உடைந்தபின் ஓட்டாஞ்சில்லிகளின் நடுவே இருக்கும் குடத்தின் இல்லாமை வேறொன்று. முன்னது பிராகபாவம், பின்னது பிரத்வம்சாபாவம். முன்னதற்கு ஆதி இல்லை, ஆனால் அந்தம் உண்டு. பின்னதற்கு ஆதி உண்டு, அந்தம் கிடையாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். இரண்டிலும் குடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவதற்கு ஒரு காரணம் உண்டு. யாரோ ஒருவன் கை, ஏதோ ஒரு தடி. கல்லூரியில் இதைப் படித்த காலத்தில் வெறும் மயிர்பிளக்கும் வாதம் என்று அலட்சியம் செய்த எனக்கு, கிம்பர்லிக் குழியின் விளிம்பிலும் மொக்காலாவின் புல்வெளியிலும் அடுத்தடுத்து நின்றபின், அந்தப் பிரிவினையைவிட உபயோகமான ஓர் ஆயுதம் கிடைக்கவில்லை.

குழி இருக்கிற இடத்தில் முதலில் இருந்தது ஒரு குன்று. டி பீர் என்ற சகோதரர் இருவருடைய மாட்டுப் பண்ணையின் மூலையில், 1871 ஜூலையில், குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஒரு வேலைக்காரனைத் தண்டனையாகக் குன்றின்மேல் போய்த் தோண்டும்படி எஜமானர்கள் விரட்டியதாகவும், அவன் கைநிறைய வைரக் கற்களோடு இறங்கிவந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, குன்று சில மாதங்களில் காணாமற்போய்விட்டது. பண்ணைக்காரச் சகோதரர்கள் நிலத்தை ஆறாயிரம் கினிக்கு விற்றுவிட்டுத் தங்கள் பெயரை மாத்திரம் உலகத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள். குன்று நின்ற இடத்தை முப்பத்தோர் அடிச் சதுரங்களாக நூல்போட்டுப் பிரித்து, ஒவ்வொருவனும் தன் சதுரத்தைத் தன் மனம்போன வேகத்தில் தோண்டிக்கொண்டு போனதால், ஒருவனுடைய தரை மற்றவனுடைய கூரையாயிற்று. இடையில் விட்டிருந்த வண்டிப்பாதைகள் மழையில் சரிந்தன. அதன்பிறகு ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் விளிம்புக்கு இரும்புக் கம்பிகள் கட்டி வாளிகளை இழுத்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பள்ளத்தின்மேல் ஆயிரக்கணக்கான கம்பிகள் பளபளப்பது ஏதோ ஒரு பிரம்மாண்டமான வீணையின் நரம்புகளைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்று எழுத எனக்கும் கை வருகிறது. எழுதாமல் விடுகிறேன், ஏனெனில் வாளியை இழுத்தவர்களின் காதில் விழுந்தது வேறு ஓசையாக இருந்திருக்கும். சதுரங்கள் சேர்ந்து கம்பெனிகளாயின. கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கின. 1889இல் 5,338,650 பவுனுக்கு ஒரே காசோலை எழுதி ஸெஸில் ரோட்ஸின் டி பீர்ஸ் கம்பெனி மிச்சமிருந்ததையும் வாங்கிக்கொண்டது. பல சிறு வேலிகள் போய் ஒரு பெரிய வேலி வந்தது.

அந்த வேலியைப்பற்றித்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 1885 முதல் கிம்பர்லியின் சுரங்கக் கம்பெனிகள் தங்கள் கறுப்புத் தொழிலாளிகளைக் காம்பவுண்டு என்ற மூடிய கொட்டடிகளில் அடைக்கத் தொடங்கின. ஒப்பந்தம் செய்துகொண்ட மாதங்கள் கழியும்வரை அவர்கள் வாசல் தாண்ட முடியாது. உறங்குவதும், சமைப்பதும், சாமான் வாங்குவதும், ஜபம் செய்வதும் உள்ளேதான். வேலைக்குப் போகும் வழியும் அடைக்கப்பட்ட வழிதான். திருடிய கல்லை வெளியே வீசாதிருக்கும் பொருட்டு முற்றத்துக்கு மேலே கம்பிவலை விரித்திருந்தார்கள், ஆகாயத்தையும் கட்டம்போட்டுத்தான் பார்க்கவேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் தறுவாயில், விழுங்கிய கல் வெளிவரும்வரை சில நாள் தனியறையில் பேதிமருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் விரல்களை உபயோகிக்க முடியாதபடி இரண்டு கைகளிலும் தோலுறை மாட்டிப் பூட்டினார்கள். அதற்கு முன்பே, உடைகளைக் களைந்து பார்க்கும் சோதனையை வெள்ளைத் தொழிலாளிகளுக்கும் செய்யலாமென்று கம்பெனிகள் முயன்றபோது 1884இல் வேலைநிறுத்தம் நடந்தது, துப்பாக்கி வெடித்தது, சிலர் மாண்டார்கள். அதன்பிறகு வெள்ளையரின் உடைகளைக் களைந்து பார்ப்பதில்லை என்று ஆயிற்று. அதே ஆண்டுகளில் நகரத்தில் பெரியம்மை பரவியபோது, செய்தி தெரிந்தால் வேலைக்கு ஆள் வராது, விறகும் தானியமும் வராது என்ற பயத்தில், பேர்பெற்ற வைத்தியர்களே அது பெரியம்மை அன்று, ஏதோ ஒருவகைக் கொப்புளநோய் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான டாக்டர் ஜேம்ஸன் பிற்காலத்தில் கேப் காலனியின் பிரதம மந்திரியானார். 1888இல் டி பீர்ஸ் சுரங்கத்தில் தீப்பிடித்து இருநூறு பேருக்குமேல் இறந்தார்கள். இவை எல்லாம் புஸ்தகங்களில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தின் பழைய தெருவில், மறுபடி ஜோடித்து வைத்த மதுக்கடை, மருந்துக்கடை, குத்துச்சண்டைக் கூடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடந்தபோது, மதுக்கடைக்குச் செலவழித்த அக்கறையில் கால்பங்காவது கொட்டடிக்கும் செலவழித்திருக்கலாமே என்று தோன்றியது.

காம்பவுண்டு என்ற ஏற்பாடு கிம்பர்லியோடு நின்றிருந்தால் அது ஒரு நகரத்தின் பாவமாகப் போயிருக்கும். வைரத்தைப் பின்பற்றித் தங்கமும், தங்கத்தைப் பின்பற்றி நிலக்கரியும் அந்தச் சுவரை இரவல் வாங்கின. 1912 அக்டோபரில் கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது காந்தியோடு கிம்பர்லிக்கும் போய் வைரச் சுரங்கத்தைப் பார்த்தார். அடுத்த வருஷம், தலைக்கு மூன்று பவுன் வரியை எதிர்த்து நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்த இந்தியக் கூலிகளை, அவர்களுள் தமிழ் பேசியவர்கள் கணிசமானவர்கள், அரசாங்கம் பிடித்து அதே சுரங்கங்களின் காம்பவுண்டுகளுக்கே திருப்பியனுப்பி, அவற்றையே சிறைச்சாலைகளென்று அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளையே வார்டர்களாக நியமித்தது. சுவர் முன்பே இருந்ததால் வேறு செலவு இல்லை. இதற்கு அரை நூற்றாண்டுக்குப்பின், நிறவெறி ஆட்சியை எதிர்த்த தலைவர் ராபர்ட் சோபுக்வேயை ராபன் தீவுச் சிறையிலிருந்து விடுவித்து 1969இல் கிம்பர்லிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். நகரத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது, இருட்டியபின் வாசற்படி தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு, 1978இல் இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். அவருக்குக் கம்பிவலை தேவைப்படவில்லை. ஒரு காகிதம் போதுமாயிருந்தது. கிம்பர்லி மண்ணில் விளைந்த சரக்கு எது என்று கேட்டால் வைரம் என்பார்கள். நிலையாக விளைந்தது வேலி என்பது என் கட்சி.

இனி வனத்துக்கு வருகிறேன். மொக்காலா என்பது அங்குள்ள ட்ஸ்வானா ஜனங்களின் பாஷையில் ஒட்டகமுள் மரத்தின் பெயர்; நம் வேலமரத்துக்குத் தாயாதி. சாம்பல் பூத்த, காதுமடல் வடிவான அதன் காய்கள் காலடியில் நெரியும்போது சடசடவென்று சத்தமிடும். வேர் அறுபது மீட்டர் ஆழம்வரை தண்ணீரைத் தேடிப்போகும் என்பார்கள். மரம் பெரிதாக ஒரு மனித ஆயுள் போதாது. குருவிகளின் பெருங்கூட்டைத் தாங்குவது பெரும்பாலும் இந்த மரந்தான். அந்தப் பக்கத்தில் இதைவிட வலுவான கிளை அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இந்த மரத்தின் பெயரைச் சூட்டிய வனத்தில் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோன எனக்கு, பின்னால் படித்த ஒரு விஷயம் வயிற்றைக் கலக்கியது. 1885 நவம்பரில் ரயில் வந்து நிலக்கரி கொண்டுவரும்வரை, கிம்பர்லியின் நீராவி யந்திரங்களும் அடுப்புகளும் தின்றது விறகு. அந்த விறகு பெரும்பாலும் ஒட்டகமுள். ட்லாப்பிங் என்ற ட்ஸ்வானா குலத்தார் மாட்டு வண்டிகளில் விறகு ஏற்றிவந்து நகரத்துச் சந்தையில் விற்றார்கள், நல்ல விலை கிடைத்தது, கிடைத்தவரை வெட்டினார்கள், மரம் இருக்கும் எல்லை வருஷாவருஷம் நகரத்தை விட்டு விலகி விலகிப் போயிற்று. தூரதேசங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களோ கூலியைச் சேர்த்துத் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். நகரத்துச் சந்தைக்கு மான் இறைச்சியும், தோலும், தீக்கோழி இறகும், தந்தமும் வண்டிவண்டியாக வந்து இறங்கின. ஆக, குழி ஆழமாக ஆழமாக அதைச் சுற்றிலும் மரமில்லாத, மிருகமில்லாத ஒரு வட்டம் அகலமாகிக்கொண்டே போயிற்று. வைரக்குழி 463 மீட்டர் என்பது விளிம்புக்கு விளிம்பு அளந்த கணக்கு; உண்மையான விளிம்பு எங்கே இருந்தது என்று அளக்க அளவுநூல் போதாது.

அந்த வட்டத்துக்குள் மிருகங்களை மறுபடி கொண்டுவந்து வளர்க்க ஆரம்பித்தவர்களும் குழியின் சொந்தக்காரர்களே. டி பீர்ஸ் கம்பெனி 1890களின் தொடக்கத்திலேயே சுற்றுவட்டாரத்தில் பெரும் பண்ணைகளை வாங்கிற்று. வால் நதியோரத்து ரோய்ப்போர்ட் 1893இல் கைக்கு வந்தது, அங்கே இயக்குநர்களும் விருந்தாளிகளும் வந்து வேட்டையாடுவதற்கென்று ஒரு வீடு எழுந்தது. நகரத்துக்குத் தென்கிழக்கே பென்ஃபோன்டைன், வடக்கே டிரான்ஃபீல்டு. வேட்டைக்காகக் காத்த மிருகங்கள் காலப்போக்கில் காப்பதற்காகவே காத்த மிருகங்களாயின. பென்ஃபோன்டைனில், நம் வீட்டுப் பூனையைவிடச் சிறியதாகிய கரும்பாதப் பூனையைப்பற்றி முப்பது வருஷத்துக்கு மேலாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. டிரான்ஃபீல்டின் ஒட்டகமுள் மரங்களில் வெண்முதுகுக் கழுகுகள் குஞ்சு பொரிக்கின்றன. இவை அற்ப விஷயங்கள் அல்ல. கம்பெனியின் வேலி இல்லாதிருந்தால் அந்தப் பூனையை நாம் படத்தில்தான் பார்த்திருப்போம் என்று யாராவது சொன்னால், எனக்கு உடனே பதில் சொல்ல வராது. பிராயச்சித்தம் என்று இதைச் சொல்லலாமா என்று ஒரு முழு மாலைப்பொழுது யோசித்தேன். பிராயச்சித்தம் செய்கிறவன் தன்னுடையதைக் கொடுக்கவேண்டும். இங்கே கொடுக்கப்பட்டது எதுவும் இல்லை, வைத்திருந்ததை வேறு விதமாக வைத்திருந்தார்கள். குழியைச் சுற்றிய வேலி மனிதனை உள்ளே அடைத்தது. பண்ணையைச் சுற்றிய வேலி மனிதனை வெளியே நிறுத்தியது. இரண்டுக்கும் முள்கம்பி ஒரே கடையில் வாங்கியதாகத்தான் இருக்கவேண்டும்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதியவர் கிம்பர்லியிலேயே வாழ்ந்தார். ஸோல் பிளாட்ஜெ 1894இல் இந்நகரத்துத் தபாலாபீசில் சேவகனாகச் சேர்ந்து, பல பாஷைகளைத் தாமே கற்று, பத்திரிகை நடத்தி, 1913 ஜூனில் நிலச்சட்டம் வந்ததும் சைக்கிளில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போய், பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் ஆடுமாடுகளோடு நிற்க இடமில்லாமல் பாதையிலேயே நடந்துகொண்டிருப்பதைக் கண்டு ஒரு புஸ்தகம் எழுதினார். 1916இல் அது வெளிவந்தது. தேசத்து நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கை மட்டும் கறுப்பு ஜனங்களுக்கென்று ஒதுக்கி, மற்றதில் அவர்கள் வாங்கவும் குத்தகை பிடிக்கவும் தடைசெய்த சட்டம் அது. அவருடைய சமாதி நகரத்தின் மேற்குக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி மொக்காலாவின் புல்வெளியைப் பார்த்தால், நையாயிகர்களின் கேள்வி தானாகவே எழுகிறது: இந்த நிலத்தில் மனிதன் இல்லை என்பது, மனிதன் இன்னும் வந்துசேராத ஆதிகாலத்து இல்லாமையா, அல்லது இருந்தவன் போனபின் வந்த இல்லாமையா? வனத்தின் கையேடுகளும், வண்டியோட்டியின் மெல்லிய குரலும், நம் சொந்த மனத்தின் ஆசையும் சேர்ந்து, அது முதலாவது வகை என்று நம்மை நம்பவைக்கின்றன. சிருஷ்டியின் முதற்காலையைக் கண்டதுபோன்ற பரவசம் அதனால் வருகிறது. ஆனால் மொக்காலாவே 2007இல் பிறந்த வனம். வால் நதியோரத்தில் 1986இல் ஏற்படுத்திய வால்போஸ் தேசிய வனத்தை, அந்த நிலம் தங்களுடையதென்று கேட்டுவந்த ஜனங்களுக்காகக் கலைக்கவேண்டிவந்தபோது, அங்கிருந்த காண்டாமிருகங்களையும் மான்களையும் லாரியில் ஏற்றி, வேட்டைப் பண்ணையாக இருந்த இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மனிதன் திரும்பி வந்தால் மிருகம் மூட்டை கட்டவேண்டும் என்பதாக விதி எழுதப்பட்டிருக்கிறது. நான் கண்ட தாயும் கன்றும் அந்தப் பிரயாணிகளின் வம்சமாக இருக்கலாம்.

மிருகத்துக்கு இதில் குற்றம் ஒன்றும் இல்லை; அதைச் சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். மனிதர் இல்லாத நிலத்தை ரசிப்பதே பாவம் என்று சொல்லுமளவுக்கு நான் கடுமையானவனும் அல்லன். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்தில் சௌகரியமாக இருந்துகொண்டு சொல்கிறார்கள். காண்டாமிருகத்தின் கொம்புக்காக இரவில் துப்பாக்கியோடு வருகிறவனிடம் பிரத்வம்சாபாவத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவனுக்கு வேலிதான் பதில். ஆயினும் வேலி தேவைப்படுகிறது என்பது வேறு, வேலிக்குள் சரித்திரமே இல்லை என்று பாவிப்பது வேறு. இந்த விஷயத்தில் குழி யோக்கியமானது. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அது வாய்திறந்து சொல்கிறது. அதன் விளிம்பில் நிற்கிறவன் எவனும் இது ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று எண்ணமாட்டான். வனந்தான் புல்லை முளைக்கவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

நகரத்துக்கு வடக்கே கம்ஃபர்ஸ் டேம் என்ற ஏரியில் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப்போகிறது. பெயருக்கு டேம், உண்மையில் மழைக்காலத்தில் மாத்திரம் நிறைந்து வற்றிக்கொண்டிருந்த ஓர் உவர்ப்பள்ளம். கிம்பர்லி நகரத்தின் சாக்கடை நீர், பாதி சுத்திகரித்தும் பாதி சுத்திகரிக்காமலும், அதில் வந்து சேரத் தொடங்கியபின் அது வற்றாத ஏரியாகிவிட்டது. அந்த நீரின் போஷாக்கில் கொழித்த நுண்பாசியைத் தின்ன ஆயிரமாயிரமாகச் சிறு பூநாரைகள் வந்து இறங்கின. 2006இல் ஒரு சுரங்கக் கம்பெனி ஏரிக்குள் வளைந்த வடிவில் செயற்கைத் தீவு ஒன்று அமைத்துக் கொடுத்தது. ஆப்பிரிக்காக் கண்டத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் குஞ்சு பொரிக்கும் அந்தப் பறவை, ஓரிரு வருஷங்களுக்குள் இங்கே பொரித்தது. பிறகு சாக்கடை அளவு மிஞ்சித் தீவு முழுகியது. 2019 ஜனவரியில் அந்த ஏரியே வற்றிப் பெரிய பறவைகள் கூடுகளை விட்டுப்போனபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் குஞ்சுகளை மனிதர்கள் கூடைகளில் அள்ளிக் காப்பாற்றி, தேசத்தின் பல மூலைகளுக்கு அனுப்பிக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்குப் போகும் ரயில்பாதை அந்த ஏரியின் குறுக்கே கரைபோட்டுச் செல்கிறது. சரக்கு வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனபோது இளஞ்சிவப்பான ஒரு விளிம்பு தண்ணீரிலிருந்து எழுந்து, திரும்பி, மறுபடி படிந்ததைப் பார்த்தேன். நாற்றம் சகிக்கவில்லை; மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் அங்கே எனக்கு மொக்காலாவில் வந்த சந்தேகம் வரவில்லை. அந்தச் சௌந்தர்யத்தில் நகரத்து ஜனங்களின் அன்றாட வாழ்வு, அதன் அழுக்கு முதற்கொண்டு, மறைக்கப்படாமல் கலந்திருந்தது. ஆளரவம் இல்லாத தூய்மையைவிட இந்த அசுத்தமான அழகின் பக்கத்தில் நிற்க என் மனம் இசைந்தது. ஏன் என்று முழுவதும் சொல்லத் தெரியவில்லை; காலில் சேறு ஒட்டியபோது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

இன்னும் ஓர் இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். நகரத்திலிருந்து பார்க்லி வெஸ்ட் போகும் சாலையில், பதினாறு கிலோமீட்டர் அளவில், வில்டபீஸ்ட் கைல் என்ற சிறு குன்று இருக்கிறது. அதன் கருங்கற்களில் யானையும், காண்டாமிருகமும், ஏலண்டு மானும், சில இடங்களில் மனித உருவமும் கல்லால் கொத்தியே செதுக்கப்பட்டிருக்கின்றன. வைரத்துக்கும் வேலிக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், இதே மிருகங்களோடு இதே நிலத்தில் மனிதன் இருந்தான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சியம் வேண்டியதில்லை. அதன் இன்றைய சொந்தக்காரர்கள் குங், க்வே என்ற இரண்டு சான் ஆதிகுடிச் சமூகத்தார். இவர்களும் அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் நேர் வாரிசுகள் அல்லர். அங்கோலாவிலும் நமீபியாவிலும் பிறந்து, தென்னாப்பிரிக்க ராணுவத்தின் யுத்தத்தில் இழுக்கப்பட்டு, 1990இல் ஷ்மிட்ஸ்டிரிஃப்ட் என்ற இடத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கூடாரங்களில் பல வருஷம் கிடந்தவர்கள். அந்த இடமோ, முன்பு ட்லாப்பிங் ஜனங்களை வெளியேற்றி ராணுவம் எடுத்துக்கொண்ட நிலம். அதை அவர்கள் திரும்பக் கேட்டுப் பெற்றபோது இவர்கள் மறுபடி பெயர வேண்டியதாயிற்று. கடைசியில் பிளாட்ஃபோன்டைன் என்ற பண்ணை இவர்கள் பெயருக்கு வந்தது. குன்று அந்தப் பண்ணைக்குள் இருக்கிறது. இங்கேயும் வேலி உண்டு, நுழைவுச் சீட்டும் உண்டு. கிம்பர்லிக்குப் போகிறவர்கள் குழியையும் வனத்தையும் பார்த்துவிட்டு நேரமில்லை என்று திரும்பிவிடாமல், அந்தக் குன்றுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெயில் சாய்வாக விழும்போதுதான் செதுக்கல்கள் கண்ணுக்குத் தெரியும், ஆகையால் சீக்கிரமே போய்விடுங்கள்.